பச்சை சகாராவின் இரண்டு பெண்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மரபணுவியல் பேராசிரியையின் பதில்கள்

சென்ற மாத இதழில், லிபியாவின் தகர்கோரி என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இரண்டு பெண்களின் டிஎன்ஏ பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் குழுவினர் ஒரு மஞ்சள் பையில் போட்டு அனுப்பிவைத்தார்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அந்த இரண்டு பெண்களின் டிஎன்ஏ சகாராவுக்குத் தெற்கே இருப்பவர்களோடும் ஒட்டவில்லை, ஐரோப்பியரோடும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?
(ஒரு வாசகர், தேனி)

எங்கிருந்தும் வரவில்லை ஐயா, அங்கேயே இருந்தவர்கள்.

உங்களைப் போலத்தான் நானும் முதலில் ‘எங்கிருந்து’ என்று தேடினேன். வட ஆப்பிரிக்கா என்றாலே எல்லோருக்கும் வருகிற கேள்வி அது. கிழக்கே சினாய்ப் பக்கம் ஒரு வாசல், வடக்கே ஸ்பெயினைப் பார்த்து ஒரு வாசல். வீட்டு ரேழியைப் போல, ஆட்கள் வந்து கடந்து போகிற இடமாகவே அந்த நிலத்தை நினைத்துப் பழகிவிட்டோம். ரேழியிலேயே ஒரு குடும்பம் பல்லாயிரம் ஆண்டு பாய் விரித்துக் குடியிருந்திருக்கிறது என்பதைத்தான் இந்த இரண்டு பெண்களும் காட்டுகிறார்கள்.

தகர்கோரி, லிபியாவின் தென்மேற்கு மூலையில், அல்ஜீரிய எல்லைக்குப் பக்கத்தில், தத்ரார்ட் அகாகஸ் மலையில் இருக்கும் ஒரு பாறை ஒதுக்கு. ரோம் நகரத்து சபியென்சா பல்கலைக்கழகத்தின் சவினோ டி லெர்னியா குழுவினர் அங்கே தோண்டியபோது, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 15 பேரின் உடல்கள் கிடைத்தன. அவற்றில் இரண்டு, வறண்ட காற்றில் தானாகவே உலர்ந்து மம்மியாகிப்போன பெண் உடல்கள். லைப்சிக் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் நடா சலேம், யோஹன்னஸ் கிரவுசே ஆகியோரின் குழு அவர்களின் மரபணுத்தொகுதியைப் படித்து, 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியிட்டது.

அதில் தெரிந்தது இது. அந்தப் பெண்களின் முன்னோர், சகாராவுக்குத் தெற்கே இருந்தவர்களிடமிருந்து சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவர்கள். ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய மனிதர்களின் கிளை பிரிந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். வெளியே போன கிளையிலிருந்து ஐரோப்பியரும் சீனரும் நாமும் வந்தோம். இன்னொரு கிளை வட ஆப்பிரிக்காவிலேயே தங்கி, பெரும்பாலும் யாரோடும் கலக்காமல், தகர்கோரி வரை வந்திருக்கிறது.

இதற்கு நியாண்டர்தால் கணக்கு நல்ல சாட்சி. வெளியே போனவர்கள் வழியில், இன்று அழிந்துபோன நியாண்டர்தால் என்ற இன்னொரு மனித வகையோடு கலந்தார்கள், அதனால் இன்று நம் டிஎன்ஏவில் ஏறத்தாழ 2 சதவீதம் அவர்களுடையது. தகர்கோரிப் பெண்களிடம் இருப்பது, அந்தக் காலத்து மேற்காசிய உழவர்களிடம் இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் தெற்கே இருந்தவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அதாவது கிழக்கு வாசல் வழியாக எப்போதோ ஒரு சிலர் வந்து கலந்திருக்கிறார்கள். பெருங்கூட்டம் வரவில்லை.

எனக்கு இதில் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் வேறொன்று. அந்தக் காலத்தில் சகாரா பாலைவனம் இல்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே மழை பெய்தது. ஏரியும் புல்வெளியுமாக இருந்தது. தகர்கோரியின் குப்பைமேட்டில் மீன் முள் கிடைத்திருக்கிறது: கெளுத்தி, அப்புறம் திலாப்பியா. நாம் ஜிலேபி மீன் என்று சந்தையில் வாங்குகிறோமே, அந்தக் குடும்பம்தான். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் பாறையுமாக இருக்கிற இடத்தில் ஜிலேபி மீன் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். இவ்வளவு பச்சையாக இருந்தால் தெற்கிலிருந்து வடக்கே ஆட்கள் தாராளமாக நடந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை, அல்லது மிகக் குறைவாகவே வந்திருக்கிறார்கள். ஏரி, சதுப்பு, மலை, புல்வெளி என்று நிலம் துண்டு துண்டாகக் கிடந்ததால், ஒவ்வொரு கூட்டமும் தன் பகுதியிலேயே பிழைத்திருக்கலாம். பாதை திறந்திருந்தால் ஜனங்கள் போய்த்தான் ஆக வேண்டுமா என்ன?

கேள்வி: ஆட்கள் வரவில்லை என்றால் ஆடு மாடு மேய்க்கும் வித்தை அவர்களுக்கு எப்படி வந்தது?
(ஒரு பள்ளி ஆசிரியை, பட்டுக்கோட்டை)

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி அம்மா. இந்த ஆய்வுகளில் நான் மிகவும் விரும்புகிற இடம் இதுதான்.

தகர்கோரிப் பெண்கள் மேய்ப்பர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் பாலின் கொழுப்பு ஊறிப்போயிருந்ததை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜூலி டன், ரிச்சர்ட் எவர்ஷெட் குழு 2012இல் கண்டுபிடித்தது. பால் கறந்து, பானையில் காய்ச்சியிருக்கிறார்கள். பசுவும் ஆடும் மேற்காசியாவிலிருந்து வந்தவை. ஆனால் அவற்றை ஓட்டிவந்தவர்களின் இரத்தம் இந்தப் பெண்களிடம் மிகச் சிறிய பங்குதான். பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எதையோ கொடுத்து ஒரு கன்றுக்குட்டியை மாற்றிக்கொண்டிருப்பார்கள், அல்லது கல்யாணம் முடித்து ஒருத்தி இரண்டு ஆட்டோடு வந்திருப்பாள். அதற்கு முன்பே அந்த ஒதுக்கில் இருந்தவர்கள் காட்டுச் செம்மறிகளைப் பிடித்து அடைத்துவைத்திருந்தார்கள் என்பதற்குச் சாண அடுக்கே சாட்சி. பட்டி போடத் தெரிந்த கைக்கு மாடு கட்டுவது பெரிய வேலையா?

இதே கேள்வியை மொராக்கோவில் கேட்டால் வேறு பதில் வரும். 2023இல் நேச்சரில் வந்த ஒரு ஆய்வு, அங்கே வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த ஒன்பது பேரின் டிஎன்ஏவைப் படித்தது. தெத்துவான் நகருக்குப் பக்கத்தில் காஃப் தஹ்த் எல் கர் என்ற குகை. 7,400 ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்தவர்கள் கோதுமையும் பார்லியும் வைத்திருந்தார்கள். ஈர மண்பானையில் சிப்பியின் விளிம்பை அழுத்தி அலங்காரம் செய்தார்கள். அவர்களின் டிஎன்ஏ பெரும்பகுதி ஐரோப்பிய உழவர்களுடையது. உள்ளூர்க் கலப்பும் கொஞ்சம் இருந்தது. ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி விதையோடு வந்து இறங்கிய குடும்பங்கள் இவை.

சரி, அடுத்து நடந்ததைப் பாருங்கள். இரண்டு மூன்று நூற்றாண்டு கழித்து, ரபாத்துக்குக் கிழக்கே உள்நாட்டில், இஃப்ரி நஅம்ர் ஊ மூஸா குகையில் புதைக்கப்பட்டவர்களிடமும் அதே மாதிரிப் பானையும் தானியமும் இருக்கின்றன. டிஎன்ஏவில் ஐரோப்பியக் கலப்பே இல்லை. அப்பழுக்கில்லாத உள்ளூர்க்காரர்கள். பக்கத்தில் குடியேறியவர்களின் வயலைப் பார்த்துத் தாங்களும் விதைத்திருக்கிறார்கள். அப்புறம் 6,400 ஆண்டுகளுக்கு முன், ரபாத்தை ஒட்டிய கடற்கரையில், ஸ்கிரத் ரூவாசி இடுகாட்டில் மூன்றாவது வகை மனிதர்கள் தெரிகிறார்கள். மேற்காசிய வழி வந்த மேய்ப்பர்கள். 5,000 ஆண்டுகளுக்கு முன் வரும்போது இந்த மூன்றும் ஒரே உடலில் கலந்து கிடக்கின்றன.

ஒரே நாட்டில் இப்படி. துனிசியாவில் கதை இன்னொரு மாதிரி: அங்கே உழவு வந்த பிறகும் உள்ளூர் வேட்டைக்காரர்களின் வம்சமே பெரும்பங்கு. ‘விவசாயம் பரவியது’ என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதை வகுப்பில் நடத்தும்போது ‘யார் கொண்டுவந்தார்கள், யார் கற்றுக்கொண்டார்கள்’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள் அம்மா. ஊருக்கு ஊர் பதில் மாறும்.

கேள்வி: 2018இல் ஒன்று சொன்னார்கள், 2025இல் வேறொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?
(ஒரு வாசகர், திருவாரூர்)

உங்கள் கடிதத்தில் கோபம் தெரிகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தணிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

2018இல் சயன்ஸ் இதழில் வந்தது தஃபோரால்ட் குகை ஆய்வு. கிழக்கு மொராக்கோவில், சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஏழு பேர். அவர்களின் மரபணுவில் மூன்றில் இரண்டு பங்கு, மேற்காசியாவின் நட்டூஃபிய வேட்டைக்காரர்களைப் போல இருந்தது. மீதி ஒரு பங்கு ‘ஆப்பிரிக்க’ வகை. ஆனால் இன்றைய எந்த ஆப்பிரிக்க இனக்குழுவை எடுத்துப் பொருத்தினாலும் அந்த மீதி சரியாகப் பொருந்தவில்லை. மேற்கு ஆப்பிரிக்கரை வைத்தார்கள், தான்சானியாவின் ஹட்சா மக்களை வைத்தார்கள். ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. ஒட்டவில்லை என்பதை மறைக்காமல் அன்றே எழுதினார்கள்.

ஏழு ஆண்டு கழித்து அந்தக் காலி இடத்தில் தகர்கோரிப் பெண்களை வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. 2018இல் தெற்கிலிருந்து வந்ததாக நினைத்த பங்கு, வட ஆப்பிரிக்காவின் சொந்தப் பழங்கிளை. ஒரு எலும்பு கிடைக்காத வரை அந்தப் பதில் யாருக்கும் கிடைத்திருக்காது.

கேள்வி: தஃபோரால்ட் குகை மனிதர்களுக்குச் சொத்தைப் பல் அதிகம் என்று படித்தேன். சர்க்கரை இல்லாத காலத்தில் எப்படி?
(ஒரு பல் மருத்துவ மாணவர், சேலம்)

தம்பி, அந்தத் தாடைகளின் படங்களைக் கணினியில் பெரிதாக்கி ஒரு முழு மாலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல்லில் குழி விழுந்து, வேர்வரை அரித்து, அடியில் எலும்பே கரைந்து ஓட்டையாகியிருக்கிறது. சீழ் கட்டி, வழி தேடி வெளியே வந்த ஓட்டை. அந்த வலியோடு எத்தனை இரவு உட்கார்ந்திருப்பார்கள்!

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் லூயிஸ் ஹம்ப்ரி குழு 2014இல் 52 பெரியவர்களின் பற்களை ஆராய்ந்தது. பற்களில் பாதிக்கு மேல் சொத்தை. காரணம் ஓக் மரத்தின் கொட்டை. அந்த மலையில் ஏராளமாகக் காய்க்கும். பைன் கொட்டையும் நத்தையும் கூடத் தின்றார்கள், ஆனால் ஓக் கொட்டைதான் வயிற்றை நிரப்பியிருக்கிறது. மாவுச்சத்து நிறைந்தது; வேகவைத்தால் மரவள்ளிக்கிழங்கு போல மசிந்து பல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை வேண்டியதில்லை, கிருமிக்கு மாவே போதும் என்பது உனக்குத் தெரியும். 2024இல் எலும்பின் வேதியியலைப் பார்த்த இன்னொரு குழுவும், இவர்கள் தாவர உணவையே பெரிதும் நம்பியிருந்தார்கள் என்று உறுதிசெய்தது. உழவு அந்தப் பக்கம் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே!

இன்னொன்றும் கவனி. ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களுக்கும் மேல்வரிசை முன்பல் இல்லை. சொத்தையால் விழுந்தது கிடையாது. இளம் வயதிலேயே வேண்டுமென்றே பிடுங்கியிருக்கிறார்கள்; பல் இருந்த இடத்தில் எலும்பு வழவழப்பாக மூடிவிட்டது. சிரித்தால் ‘இவர் நம்மவர்’ என்று தெரிந்திருக்கும்.

கேள்வி: ஜிப்ரால்டர் வெறும் 14 கிலோமீட்டர்தானே. பழைய கற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து கலந்திருக்க மாட்டார்களா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனாலும் தஃபோரால்ட் மனிதர்களிடம் ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் சுவடு இல்லை. நீரோட்டம் அவ்வளவு கடுமையான நீரிணை அது. வியப்பு கிழக்கே காத்திருந்தது: துனிசியாவின் ஜெப்பா என்ற இடத்தில், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரிடம் ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவே படகு ஓடியிருக்க வேண்டும். நடுவில் உள்ள பந்தெல்லேரியா தீவின் எரிமலைக் கண்ணாடிக்கல் துனிசியக் கரையில் கிடைத்தபோதே தொல்லியலாளர்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது.

கேள்வி: 15,000 ஆண்டு மண்ணில் கிடந்த எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியுமா? ஆய்வு செய்பவருடைய டிஎன்ஏ கலந்துவிடாதா?
(ஒரு ஆய்வக உதவியாளர், கோயம்புத்தூர்)

கலந்துவிடும். என் கையாலேயே கலந்திருக்கிறேன்.

1990களின் கடைசியில், நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், ஒரு பழைய மண்டையோட்டின் பல்லிலிருந்து டிஎன்ஏ எடுக்க முயன்றேன். மூன்று வாரம். ஒரு இரவு, டிஎன்ஏ கிடைத்திருக்கிறது என்று காட்டும் பட்டை ஜெல்லில் பளிச்சென்று தெரிந்தது. அழுதுவிட்டேன். எழுத்துகளைப் படித்துப் பார்த்தபோது அது என் அம்மா எனக்குக் கொடுத்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, தாய்வழியாக மட்டுமே வருவது. என் மூச்சோ தோலோ பட்டிருக்கிறது. அந்தப் பல்லில் மிச்சமிருந்த பொடியும் தீர்ந்துபோயிருந்தது. இறந்தவர் ஒருவரிடம் இருந்த ஒரே வாய்ப்பை வீணாக்கிவிட்டேன் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவருக்கே இது நடந்தது. ஸ்வாந்தே பேபோ 1985இல் எகிப்திய மம்மியிலிருந்து டிஎன்ஏ எடுத்ததாக நேச்சரில் எழுதினார். அது இன்றைய மனிதரின் கலப்பாக இருக்கலாம் என்று பின்னால் அவரே சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஏற்படுத்திய கட்டுப்பாடுகளின் மேல்தான் இந்தத் துறை நிற்கிறது. 2022இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இன்றைய முறை இப்படி: காதுக்குள், நத்தைக்கூடு போன்ற உறுப்பைச் சுற்றி, உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்பு இருக்கிறது. கையில் எடுத்தால் கூழாங்கல் மாதிரி கனக்கும். அதில் 50 மில்லிகிராம் அளவு பொடி போதும். நெற்றியில் இடும் ஒரு சிட்டிகைத் திருநீற்றைவிடக் குறைவு. தலை முதல் கால் வரை மூடிய உடை, பிளீச்சால் துடைத்த மேசை, இரவெல்லாம் புற ஊதா விளக்கு. அப்படியும் வருகிற டிஎன்ஏவில் பெரும்பகுதி மண் பாக்டீரியாவுடையது. மனித டிஎன்ஏவை மட்டும் தூண்டில் போட்டுப் பிடிப்பதுபோலப் பிரித்தெடுக்கிறார்கள்.

பழையதா, புதியதா என்று எப்படித் தெரியும்? பழைய டிஎன்ஏ சிறு சிறு துண்டாக உடைந்திருக்கும். துண்டின் முனையில் சைட்டோசின் எழுத்து சிதைந்து, படிக்கும்போது தைமினாகத் தெரியும். பழைய துணி ஓரத்தில்தானே முதலில் இற்றுப்போகும், அதுபோல. என் டிஎன்ஏவின் ஓரம் இற்றிருக்காது. அன்றைக்கு எனக்கு அந்தச் சோதனை கையில் இல்லை.

கேள்வி: பழைய எகிப்தியர் கறுப்பரா, வெள்ளையரா? டிஎன்ஏ தீர்ப்புச் சொல்லிவிட்டதா?
(பல வாசகர்கள்)

இன்றைய சண்டையை நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் செத்தவர் தலையில் கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் சொல்கிற கதை அதைவிடப் பெரியது.

கெய்ரோவுக்குத் தெற்கே நுவைராத் என்ற இடத்தில், பாறையைக் குடைந்த கல்லறையில், ஒரு பெரிய மண்பானைக்குள் வைத்துப் புதைக்கப்பட்ட ஆண் அவர். காலம் கி.மு. 2855க்கும் 2570க்கும் இடையில். 1900களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்து லிவர்பூலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் அந்த எலும்புகள் தப்பின. 2025 ஜூலையில் அவருடைய முழு மரபணுத்தொகுதி வெளியானது, பல்லிலிருந்து எடுத்தது. பழைய அரசுக் கால எகிப்தியர் ஒருவரின் முழுத்தொகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. ஐந்தில் நான்கு பங்கு வட ஆப்பிரிக்கப் புதிய கற்கால மக்களோடு சேர்கிறது. ஐந்தில் ஒரு பங்கு மெசபொட்டேமியாப் பக்கம்.

கழுத்து எப்போதும் குனிந்தே இருந்திருக்கிறது. கைகளை நீட்டி, கடினமான தரையில் நெடுநேரம் உட்கார்ந்து வேலை செய்த தேய்மானம் மூட்டுகளில் தெரிகிறது. குயவராக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பானைச் சக்கரம் எகிப்துக்கு மேற்காசியாவிலிருந்து வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். ஒருவரை வைத்து ஒரு நாட்டையே எடைபோட முடியாது. ஆனால் இந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும் போல இருக்கிறது.

கேள்வி: இறந்தவர்களின் மண்டையோட்டைத் துளைப்பது பாவமில்லையா? என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ‘அந்த ரெண்டு பேருக்கும் பேர் என்னம்மா’ என்று கேட்கிறாள்.
(ஒரு தாய், மன்னார்குடி)

நீங்கள் ‘பாவம்’ என்று எழுதியதை நான் தள்ளவில்லை. இப்போது முதலில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். முகம் சிதையாமல், மண்டையோட்டின் அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய துளை போடுகிறார்கள். அது போதாது என்பது என் கருத்து. அந்த மண்ணின் மக்களைக் கேட்க வேண்டும், அந்த நாட்டு ஆய்வாளர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும். தஃபோரால்ட் ஆய்வில் ரபாத் தொல்லியல் நிறுவனத்தின் அப்தெல்ஜலீல் பூசுகர் போன்ற மொராக்கோ அறிஞர்கள் பங்கு கொண்டதை இதனால்தான் பெரிதாக மதிக்கிறேன்.

பெயர் தெரியாது அம்மா. ஆய்வுக் கட்டுரையில் எழுத்தும் எண்ணும் மட்டும்தான். எதையும் எழுதிவைக்காத காலம் அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் அந்தப் பாறைக்குள்ளேயே இருக்கிறார்கள். கதை சொல்லும்போது உங்கள் மகள் என்ன பெயர் வைத்தாள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.